பால் தோ

ஜூன் 9, திங்கள்
இவர் செம்பூர் கிளினிக்கிலிருந்து சிரித்த முகமாக வந்தார். "பானு, டெஸ்டுல தங்கமயிலுக்கு மார்க் கூடிருக்கு! ஆக்சிஜன் பெட்டி வேலை செய்யுதுளா. இன்னும் நாப்பது தடவை உள்ள வச்சா ஆட்டிசம் கொறஞ்சு பேச்சு வந்திருமாம். டாக்டரே சொல்லுதாரு."

பெட்டிக் கதவை அடைத்ததும் பிள்ளை கண்ணாடியில் முட்டி முட்டி அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் நான். இன்னும் நாற்பதா? ஆனாலும் மார்க் கூடியிருக்கே என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 10
வீட்டில் ஒன்றும் மாறவில்லையே. அங்கே மட்டும் எப்படி?

ஜூன் 12
இவரைத் துருவித் துருவிக் கேட்டேன். இந்தத் தடவை டெஸ்ட் எடுத்தது புதிதாகச் சேர்ந்த அதீபாவாம், வடாலாவில் இருக்கிற தமிழ்ப் பெண். "நம்ம பாஷைதான். தமிழ்லயே கேட்டுச்சு" என்கிறார்.

தமிழிலா! முதல் டெஸ்டுக்கு நான்தானே போனேன். அன்றைக்கு டெஸ்ட் எடுத்தவள் எல்லாவற்றையும் இந்தியில்தான் கேட்டாள். பந்தை முன்னால் வைத்து "பால் தோ" என்றாள், பந்தைக் கொடு என்று அர்த்தமாம். பிள்ளை என் பையில் பால் பாட்டிலைத் தேடியது. சொன்னது புரியவில்லை என்று முட்டை போட்டுவிட்டாள் - அடப்பாவி! எங்க வீட்டுப் பிள்ளைக்குப் பால்னா பால்தானே?

ஜூன் 14
நானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். "பந்தைக் கேட்டியே, அதையே இந்தியில ஒருக்கா கேளும்மா" என்றேன். அதீபா கேட்டாள். தங்கமயில் என் பையைத் திறந்தாள். "பந்தைத் தா" என்றதும் பந்தைக் கொடுத்தாள்.

அதீபாவுக்கு முகமே செத்துவிட்டது. "பாஷை மாறிட்டா ரெண்டு மார்க்கையும் ஒப்பிடவே கூடாதுக்கா. அந்தப் பெட்டியால ஆட்டிசம் சரியாகும்னு உருப்படியான ஆதாரமும் கிடையாது. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

வீட்டில் சொன்னால் இவர் கத்துகிறார். "ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? பிள்ளை பேச வேண்டாமா?"

நான் மட்டும் வேண்டாம்னா சொல்லுதேன்? ஒரு தடவை அம்மான்னு கூப்பிட மாட்டாளான்னு நான் ஏங்காத நாள் உண்டா?

ஜூன் 15, ஞாயிறு
நான் பார்க்கவில்லை என்று நினைத்து, இவர் பந்தைத் தரையில் வைத்துவிட்டு மெதுவாக "பால் தோ" என்றார். தங்கமயில் பந்தைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள். பால் பாக்கெட்டைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தாள்.

ஜூன் 16
"கிளினிக்குக்குக் கெளம்பட்டுமா?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்குப் பாலைக் காய்ச்சு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.