வேப்பெண்ணெய்

என்னங்க,

போனில் பேசினால் குரல் உடைந்துவிடும், அதனால் எழுதுகிறேன். லண்டனுக்குப் படிக்க வருகிறேன் என்று இன்று காலை பல்கலைக்கழகத்துக்குப் பதில் அனுப்பிவிட்டேன். ஒரே வருஷம்தான். திரும்பியதும் நாம் பேசியபடி அரசு சுகாதாரத் துறை வேலைக்கு முயலலாம்.

பாப்பாவுக்குப் பால் மறக்கடிக்கத்தானே திண்டிவனம் வந்தேன்? "வேப்பெண்ணெய் தடவுடி, ரெண்டே நாள்ல மறந்துடும்" என்றார் அம்மா. தடவினேன். வாய் வைத்தவள் முகம் சுளித்தாள். பிறகு தன் கவுன் நுனியால் அழுத்தித் துடைத்துவிட்டு, "கசப்பு போச்சும்மா" என்று என்னைத் தேற்றிவிட்டுக் குடித்தாள்.

மறுபடி தடவக் கை வரவில்லை. "நீ சீமைக்குப் போற லட்சணம் இதானா?" என்கிறார் அம்மா.

உடனே விழுப்புரத்திலிருந்து வந்து அவளை அழைத்துப் போய்விடுங்கள். யார் அழுதாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா