இரண்டாம் பாகத்தில் யார் கை?

மார்ச் 4, செவ்வாய்

இரண்டாம் பாகம் வந்துவிட்டது. திரையில் விழும் வட்டங்களைத் தாளம் தப்பாமல் தட்டும் அதே போன் விளையாட்டு. முதல் பாகத்தின் டிரம்ஸ் முழுக்க நான் வாசித்தது. இந்த முறை என்னைக் கூப்பிடவே இல்லை. மணிக்கட்டு அறுவைசிகிச்சை முடிந்து கை எப்போதோ சரியாகிவிட்டது. வாங்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாங்கிவிட்டேன்.

மார்ச் 5

பளபளப்பு தாங்கவில்லை. தட்டுகிற வட்டமெல்லாம் பொறி பறக்க வெடிக்கிறது. முதல் பாகத்தில் கறுப்புத் திரை, வெள்ளை வட்டம், அவ்வளவுதான். காது தானாகத் திறந்துகொள்ளும். இதில் கண்ணுக்கே வேலை. பாட்டுகளும் மூச்சுவிட இடம் தராமல் ஓடுகின்றன.

ஆனால் மழைப் பாட்டு ஒன்றில், கடைசி அடிக்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம். அது என்னுடையது. என் பழைய ஒத்திகைப் பதிவுகளை வெட்டி ஒட்டிவிட்டார்களா?

மார்ச் 8

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் டிரம்ஸ்காரர்தான், ஹோட்டல்களில் வாசிக்கிறார்.

"அந்தத் தயக்கம் எல்லாருக்கும் வரும். விடேன்."

"ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்."

"தலை வலிக்குது."

பாட்டு என்றால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வருகிற மனுஷன். கேட்காமலே எப்படிச் சொல்கிறார்?

மார்ச் 9

இரண்டையும் அடுத்தடுத்து விளையாடினேன். முதல் பாகத்தில் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் 'சரி'. இரண்டாம் பாகத்தில் அந்தத் தயக்கம் வரும் இடத்தில் மட்டும் 'தாமதம்'. எத்தனை முறை போட்டாலும். என் கைக்கு நானே எப்படித் தாமதமாவேன்? இது பதிவைத் திருடியதல்ல. யாரோ என்னைப் போலவே வாசித்து, ஒரு இமைப்பொழுது முந்திக்கொள்கிறான். அவசரக்குடுக்கை. என் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவன்.

சீ, இருக்காது.

இருக்காதா?

மார்ச் 11

விளையாட்டின் ஒலிப்பதிவாளர் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கை எப்படிம்மா இருக்கு? இனிமே வாசிக்கவே முடியாதுன்னதும் மனசே கேக்கல."

"யார் சொன்னா?"

"உங்க வீட்டுக்காரர்தான்மா. நாங்க கூப்பிட்டப்போ உன் போனை அவர்தானே எடுத்தார். உனக்குத் தெரிஞ்சுதான் அவர் வந்து வாசிச்சார்னு நெனச்சேன்..."

அவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னாரே..."

"கொஞ்ச நாளைக்குன்னார். இனிமே முடியாதுன்னு எந்த டாக்டர் சொன்னார்?"

தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாரும் உன்னையேதான் கேக்குறாங்க. எனக்கும் ஒரு தடவையாவது..."

கத்தணும்போல இருந்துச்சு. கத்தல. உட்காந்து வாசிங்கன்னேன். வாசிச்சார். நல்லாத்தான் வாசிக்கிறார், பாவி மனுஷன். அதான் தாங்கல. கேட்டிருந்தா நானே அனுப்பியிருப்பேனே... அனுப்பியிருப்பேனா?

மார்ச் 12

கை எப்போதோ சரியாகிவிட்டது என்று அண்ணனுக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

இரண்டாம் பாகத்தின் கூடுதல் பாட்டுகளுக்கு இன்று ஒலிப்பதிவு. டிரம்ஸை அவரே வண்டியில் ஏற்றி, அவரே இறக்கி வைத்தார். ஸ்டுடியோ வாசலில் நின்றுகொண்டு, "உள்ள வரட்டுமா?" என்றார்.

"வேணாம். வண்டியிலயே இருங்க."

முதல் பாட்டை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது ஒரே தடவையில் வந்துவிட்டது.

திரும்பும்போது சிக்னலில் மெல்லக் கேட்டார், "எப்படி வந்துச்சு?"

"பாட்டு வெளிய வந்ததும் வாங்கித் தட்டிப் பாருங்க" என்றேன்.