பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் லாஞ்சு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும், அதில் எனக்குக் கோபம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. போனில் கத்தலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆற்றில் ஜனத்தை ஏற்றிப் போக உன் அப்பா லாஞ்சுப் படகு கட்டியது உனக்குத் தெரியும். தெரியாதது இது. காலமெல்லாம் அடுத்தவர் லாஞ்சை ஓட்டிய மனுஷன், சொந்தமாக ஒன்று என்றதும் தலைகால் புரியவில்லை. இரும்பு வேண்டாம், பழைய முறைப்படி பலகை பலகையாக இழைத்துக் கட்டியதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார், சரி என்றேன். அப்புறம் பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் தச்சரிடம் போய், எம் பையன் நெட்டையன், குனிஞ்சு ஓட்டினா முதுகு போயிடும், சுக்கான் பிடிக்கிற இடத்துல கூரையைத் தூக்கி வைங்க என்றாராம். பாலம் இருக்கே என்று தச்சர் இழுத்திருக்கிறார். தண்ணி ஏறறதுக்குள்ள கொண்டு போயிடுவோம் என்று இவர் அவர் வாயை அடைத்துவிட்டார். கொண்டு வந்தாரா? முதல் ஓட்டம் நீதான் ஓட்ட வேண்டுமாம். நீயோ அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்தடித்தாய். மழை உன்னைக் கேட்டுக்கொண்டா பெய்யும்? ஆறு ஏறிவிட்டது. இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் லாஞ்சு, இந்தப் பக்கம் நம் படித்துறையும் ஏறக் காத்திருக்கும் ஜனமும், நடுவில் கூரை இடிக்கிறது. புத்தம்புது லாஞ்சு கட்டிப் போட்ட இடத்திலேயே பாசி பிடிக்கிறது. கூரையை அறுத்து இறக்குவது ஒரு பகல் வேலை. தச்சர் ரம்பத்தோடு வந்தார், உன் அப்பா குறுக்கே போய் நின்று, பையன் வர்றான், அவன் தலை இடிக்கும், கை வைக்காதீங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார். உன் தங்கை எடுத்துச் சொன்னாள், அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டார். தினமும் குடையைப் பிடித்துக்கொண்டு போய் அதற்குள் தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு வந்து இருமுகிறார், எனக்கு வயிறு எரிகிறது.

போன வாரம் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து நீ போனில் என்ன சொன்னாய்? நான் இங்கேயே இருந்துடப் போறேம்மா, லாஞ்செல்லாம் எனக்குச் சரிப்படாது, நீயே பக்குவமா அப்பாகிட்ட சொல்லிடு என்றாய். நான் என்ன உனக்குத் தூது போகிறவளா? வராதே, அது உன் இஷ்டம், நல்ல வேலை, இருந்து பிழைத்துக்கொள், நான் தடுக்கவில்லை. ஆனால் வரப்போகிறவன் போலவே ஒவ்வொரு தடவையும் அவரிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் சொன்னால் அவர் நம்பமாட்டார், என் மேல்தான் பாய்வார்.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் வெறும் தலையோடு வெளியே போகாதே, எங்கே இருந்தாலும் நன்றாக இரு, இது மனசாரச் சொல்வது. கடிதம் கிடைத்த அன்றே போன் பண்ணு, மறக்காதே. நான் எடுத்தால் என்னிடம் பேசாதே, அப்பாவிடம் கொடுக்கச் சொல். நான் வரலைப்பா, கூரையை அறுத்துடுங்க என்று உன் வாயால் சொல்லிவிட்டு வை. அப்புறம் அவரைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா