நாம் குவாண்டத்தை உடைத்த வாரம்

இன்று காலை தண்ணீர்மலைக் கோயிலில் ஐயர் என் கையில் சந்தனத்தை வைத்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் முறைத்தார். நான் என்ன செய்ய? அந்த வாசனை வந்தாலே நீதான் ஞாபகத்துக்கு வருகிறாய். இனி நீயே வரமாட்டாய் என்பது அப்புறம்தான் உறைக்கிறது.

நம் ஆய்வுக்கூடத்தில் இருந்தது நாம் இருவர், ஒரு லேசர், மூன்று கீறல் போட்ட ஒரு கண்ணாடித் தகடு. ஒளித்துகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கீறல்களை ஒற்றையாகவும் இரண்டிரண்டாகவும் திறந்து அளக்க வேண்டும். அந்தக் கணக்கை வைத்தே, மூன்றும் திறந்தால் என்ன வரும் என்று சொல்லிவிடலாம் என்கிறது குவாண்டம் இயற்பியல். அதில் கொஞ்சம் பிசகினாலும் உலகமே நம்மைத் திரும்பிப் பார்க்கும்.

இரண்டிரண்டாக அளந்து முடித்தோம். ஆயுத பூஜை வந்தது. விடுமுறை கழிந்து மூன்றையும் திறந்தால், பிசகியது! வாரம் முழுக்க ஓட்டியும் அதே பிசகு. நான் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன், அம்மா எங்கள் பாயான் பாரு ஊர் முழுக்கச் சொன்னார். உனக்கோ ஒப்பந்தம் முடிய ஒரே மாதம். இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் உன் வேலை நிலைக்கும்.

அனுப்பப் போகும் நேரத்தில், அக்கரையில் உன் பாகான் டாலாம் வீட்டிலிருந்து ஃபெரி பிடித்து மூச்சிரைக்க வந்து நின்றாய்.

"அக்கா, அனுப்பாதீங்க லா! பூஜையன்னிக்கு எல்லாத்துக்கும் சந்தனப் பொட்டு வச்சேன்ல, கம்ப்யூட்டர், லேசர், கெட்டில்..."

"வச்சா என்ன?"

"தகட்டுக்கும் வச்சேன்."

விளிம்பில்தான் வைத்தாயாம். ஏர்கோன் நிறுத்திய விடுமுறைப் புழுக்கத்தில் அது வழிந்து, நடுக்கீறலில் பாதியை அடைத்திருந்தது.

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? போகப்போறது உன் வேலைடி!" என்று கத்தினேன்.

நீ பஞ்சால் துடைத்துக்கொண்டே, "அதுக்காக குவாண்டம் மேல பழி போடலாமாக்கா?" என்றாய். எனக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

துடைத்ததும் பிசகு போயே போய்விட்டது. அம்மா ஒரு மாதம் பசார் பக்கமே தலைகாட்டவில்லை. நடந்ததைக் கேட்ட துறைத்தலைவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, உன் ஒப்பந்தத்தை நீட்டித்தார். "தப்ப ஒத்துக்கிற ஆள் கிடைக்கிறது கஷ்டம்" என்றார்.

அன்றிலிருந்து எந்த முடிவு வந்தாலும் நான் உடனே நம்புவதில்லை. போன மாதம் உன் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து போனில் அழுதபடி செய்தி சொன்னபோதும் நம்பவில்லை. "டாக்டர் சரியா பாத்தாரா தம்பி? இன்னொரு தடவ பாக்கச் சொல்லு" என்றேன். பாவம், அவன் நிஜமாகவே உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

"பாத்துட்டாங்கக்கா" என்றான்.