வாப்பா அறுத்த இரண்டு வயர்கள்

பட்டாணிச்சூர்,
வவுனியா.
12.06.2001

அன்பு மகன் றிஸ்விக்கு, உம்மாவும் வாப்பாவும் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம், அந்த அரபு நாட்டு வெயிலிலும் உன் உடம்பு நோகாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். நீ கொடுத்துவிட்ட சாமான்கள் ஒன்றும் உடையாமல் வந்து சேர்ந்தன. வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, மழை இல்லை. வழமைபோலத் தங்கச்சி சப்னாதான் எழுதுகிறாள்.

நானா, இதுவரை உம்மா சொன்னது. இப்போது அவர் சமைக்கக் குசினிக்குப் போய்விட்டார். நானா அனுப்பின பிறிண்டரின் கதையை நீயே எழுது, ஆனால் பொய் மட்டும் எழுதாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பெட்டியைப் பிரித்தபோது நான் முதலில் கண்டது வயரின் முனையைத்தான். அது சப்பட்டையாக இருந்தது, ஒரு ஊசிகூட இல்லை. நம் கொம்பியூட்டரின் பின்பக்கத்தில் இருப்பதெல்லாம் ஊசி போகிற ஓட்டைகள், அதிலும் பிறிண்டருக்கு உரியது அகலமாக, சீப்புப் போல நிறைய ஓட்டைகளோடு இருக்கும். பரமேஸ்வரன் சேர் தன் கொம்பியூட்டர் வகுப்புக்குப் புதியது வாங்கியபோது நமக்குத் தந்த பழைய கொம்பியூட்டர்தானே அது. வாப்பாவும் அந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஆனால் அவர் கவலைப்படவில்லை. வெளிநாட்டுச் சாமானெண்டா பிளக் மாத்தத்தானே வேணும், இதென்ன புதுசா என்று வயர் வெட்டுகிற குறட்டைக் கையில் எடுத்தார். உங்களுக்குத் தெரியும், குவைத்திலிருந்தும் சவூதியிலிருந்தும் இந்தத் தெருவுக்கு வருகிற அயன் பெட்டி, ரேடியோ, மின்விசிறி எல்லாவற்றின் சதுர ஊசிப் பிளக்கையும் அறுத்துவிட்டு நம்மூர் உருண்டை ஊசிப் பிளக்கைப் பூட்டிக் கொடுப்பது வாப்பாதான். அதே மாதிரி இதையும் அறுத்தார். உள்ளே சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்று நாலே நாலு மெல்லிய வயர்கள் இருந்தன. பிறகு கொம்பியூட்டரோடு வந்த பழைய பிறிண்டர் வயரை எடுத்து, அதன் அகலமான முனையை அறுத்தார், அதற்குள் தலைமயிர் மாதிரி எத்தனையோ வயர்கள். அதில் நிறம் ஒத்த நாலைத் தேடி முறுக்கி, ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றி, கொம்பியூட்டரில் செருகினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கரண்டைப் போட்டதும் பிறிண்டரில் பச்சை லைட்டும் எரிந்தது, ஆனால் தாள் அசையவில்லை.

பக்கத்து வீட்டார் எல்லாரும் முன்னறையில் கூடியிருந்தார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன், ஆட்கள் வந்தால் நான் எப்போதும் அங்கேதானே. சேருக்கு ஆள் அனுப்பினார்கள். சேர் வந்து ரேப்பை அவிழ்த்துப் பார்த்தார். மஹ்றூப் நானா, அயன் பெட்டி வயருக்குள்ள போறது கரண்ட் மட்டும், இதுக்குள்ள போறது ரெண்டு மிசினும் கதைக்கிற கதை, இந்தப் பழசுக்கு அந்தப் புதுக் கதை விளங்காது, எப்படி முறுக்கினாலும் விளங்காது என்று வாப்பாவிடம் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு பிறிண்டரைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த ஒரு தாளை உரித்தார். உள்ளே அகலமான வாய் ஒன்று இருந்தது. பழைய கொம்பியூட்டர் வைச்சிருக்கிறவைக்கெண்டு இதையும் விட்டிருக்கிறாங்கள், நான் தந்த பழைய வயரை இதில குத்தினால் சரி, எங்க அது என்று கேட்டார். அறுத்த பாதி வாப்பாவின் கையிலேயே இருந்தது.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பாத்தும்மா மாமி, மஹ்றூப், உனக்குக் குர்பானுக்கு அறுக்க ஆட்டைத் தந்தாலும் முதல்ல வாலை அறுத்து உருண்டை ஊசிப் பிளக் பூட்டிப்போட்டுத்தான் மற்ற வேலை பாப்பாய் போல என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் நானா. என் குரல் வாசலுக்குக் கேட்பதில்லை என்று எல்லாரும் சொல்வார்கள், அன்றைக்கு எல்லாருக்கும் கேட்டது. வாப்பா மாமியைப் பார்க்கவில்லை, திரைச்சீலையைத்தான் பார்த்தார்.

அதன் பிறகு அவர் முன்னறையில் இருப்பதில்லை. யாராவது பிளக் மாற்ற வந்தால், காய்ச்சல் என்று உம்மாவைச் சொல்லச் சொல்கிறார். என்னோடு கோபம் ஒன்றும் இல்லை, தேத்தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்கிறார், அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. அடுத்த கடிதம் நம் வீட்டுப் பிறிண்டரில் அடித்து வரவேண்டும் என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னீர்கள் அல்லவா, அதனால், தாள் முடிஞ்சு போச்செண்டு எழுது மகள் என்று வாப்பா சொன்னார். அப்படித்தான் முதலில் எழுதினேன். உம்மா கேட்டுவிட்டு, தாள் இல்லையெண்டு தாளிலயே எழுதுறியா, உன்ர நானா என்ன குழந்தையா என்று அதைக் கிழிக்கச் சொன்னார்.

நீங்கள் வேறு பிறிண்டர் அனுப்ப வேண்டாம். சேர், ஊரை விட்டுப் போக ஆமி தருகிற பாஸ் கிடைத்துக் கொழும்புக்குப் போகும்போது பழைய மாதிரி வயர் ஒன்று வாங்கி வருவார், அது வந்ததும் ஆட்களுக்குக் கடிதம் அடித்துக் கொடுக்கத் தொடங்குவேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். வாப்பாவோடு பேசும்போது சிரிக்காதீர்கள் நானா, நான் சிரித்தது போதும்.

உம்மா திரும்பி வந்து சொல்கிறார்: மகன், வெயிலுக்குள் வேலை செய்யும்போது தண்ணீர் குடிக்க மறக்காதே. சுபஹு தொழுகையை விடாதே. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கொமினிகேஷன் கடையில் போனுக்குப் பக்கத்தில் காத்திருப்போம், கட்டாயம் கோல் எடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தந்து எங்கள் கண்முன் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் முகம் காணக் காத்திருக்கும் உம்மா
எழுதியது தங்கச்சி சப்னா

நானா, வாப்பா கையெழுத்து வைக்க இடம் விட்டிருக்கிறேன். வாசித்துக் காட்டாமல் எந்தக் கடிதத்திலும் அவர் கையெழுத்து வைக்கமாட்டார். வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போய் அவருக்கு முன்னால் இருந்து முதலிலிருந்து வாசித்தேன். நான் சிரித்த இடத்தையும் விடாமல் வாசித்தேன். இந்த வரியை அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். எழுதிவிட்டுப் பேனையை அவரிடம் கொடுக்கிறேன்.