அசைநிலை என்று ஒதுக்கியவை

12-8-1979, ஞாயிறு இரவு

செங்கம் சாலையில், கிரேக்கம் படித்த வெள்ளைக்கார ஹெலன் அம்மாவின் அறைக்குப் போயிருந்தேன். குற்றம் சாட்டப்பட்ட ஒருவன் நீதிமன்றத்தில் தனக்காகப் பேசும் பழைய கிரேக்க உரை ஒன்றை அவர் வாசித்துப் பொருள் சொல்ல, இரண்டு வருடமாக நான் தமிழாக்குகிறேன். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. முடித்தாகிவிட்டதே என்று இன்று ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னார்.

கேட்டுவிட்டு, "புலவரே, இந்த ஆள் உயிருக்குப் பயந்து பேசுறான். உங்க தமிழ்ல ஏன் இவ்ளோ திமிரா நிக்கிறான்?" என்றார்.

காரணம் எனக்குச் சட்டென்று புரிந்தது. கிரேக்கத்தில் வரிக்கு வரி வந்த சின்னச் சொற்களை, நம் உரையாசிரியர்கள் பழக்கத்தில், அசைநிலை, பொருளில்லை என்று ஒதுக்கிவிட்டேன். அவன் பதறி முன்னால் போட்ட சொற்களையும் இழுத்து ஒழுங்காக அடுக்கிவிட்டேன். அவனுடைய கெஞ்சலெல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறது.

"இந்தப் பக்கம் மட்டும்தானே?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா" என்றேன். பொய். நூற்றிருபது பக்கமும் அப்படித்தான். நாளைக் காலை அச்சு ஓடத் தொடங்கும். அட்டையில் அவர் பெயரும் இருக்கிறது.

விடிந்ததும் அவரிடம் என்ன சொல்வது என்று இப்போதே எழுதிப் பார்த்தேன். "அம்மா, தப்பு நடந்துபோச்சுங்க. ஆனா நான் வந்து, தெரிஞ்சு ஒண்ணும் செய்யலைங்களே." சுருக்கலாமென்று சின்னச் சொற்களை அடித்தேன். "தப்பு நடந்தது. தெரிஞ்சு செய்யலை."

என்ன திமிர்! அடித்ததையெல்லாம் திரும்ப எழுதினேன். ஆறு மணிக்கு அச்சகம் திறந்துவிடும்.