இந்தப் பிள்ளையும் அதில் சேர்த்தியா

உ

எருத்தேம்பதி,
20-2-1975.

அன்பு மகன் சின்னையனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கய்யனும் பூவாத்தாளும் குழந்தை கமலாத்தாளும் மாரியம்மன் காவலில் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ சுகமாக இருப்பதை நீ எழுதித் தெரிந்துகொள்ளவில்லை, உன்னோடு இருந்துவிட்டு வந்தவர் போன மாதம் நம் வீட்டுக்கே வந்து சொன்னார். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உறையின் மேல் ஆசிரமத்தில் உனக்கு வைத்திருக்கும் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன், அங்கே தபால்காரருக்கு அதுதான் தெரியும் என்பதால். உள்ளே அந்தப் பெயர் எனக்குக் கையில் வரவில்லை.

கரும்பு வெட்டி ஆலைக்கு ஏற்றியாயிற்று. கிணற்றில் தண்ணீர் மாசியிலேயே இறங்கிவிட்டது, எஞ்சின் காலையில் கொஞ்ச நேரம் ஓடுவதோடு சரி. செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மார்கழியில் குழந்தைக்கு அம்மை போட்டு இறங்கியது, முகத்தில் தழும்பு இல்லை, நெற்றியோரம் மட்டும் ஒன்று நின்றுவிட்டது. பூவாத்தாள் பக்கத்தை விட்டு நகரவில்லை, வேப்பிலையால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உனக்குத் தெரிவிக்கவா என்று கேட்டேன், வேண்டாம் அத்தை என்றுவிட்டாள்.

போன ஆடியில் நீ எழுதியதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இனி நான் யாருக்கும் மகனுமில்லை, யாருக்கும் புருஷனுமில்லை, உறவெல்லாம் மாயை, ஆத்மாவுக்கு ஊர் கிடையாது பேர் கிடையாது என்று எழுதியிருந்தாய். டெல்லி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு கங்கைக்கரைக்குப் போய்விட்டாய் என்பதே அதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தச் சமயம் பூவாத்தாள் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது புறப்பட்டு வா என்று நீ எழுதுவாய் என்று டிரங்குப் பெட்டி கட்டி வைத்திருந்தாள். கொள்ளுப்பொடி, கருவேப்பிலைப் பொடி எல்லாம் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாள். கடிதத்தைப் படித்ததும் பெட்டியைத் திறந்து பொடி டப்பாக்களை எடுத்துக் கொண்டுபோய் அடுப்படி அலமாரியில் அடுக்கினாள்.

உங்கய்யன் முதலில் குதித்தார், இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் ஊர்க்காரர்கள் வந்து, சந்நியாசியைப் பெற்ற குடும்பம் ஏழு தலைமுறைக்குக் கரையேறிவிடும் என்று சொல்லச் சொல்ல மெள்ள ஆள் மாறிவிட்டார். நெற்றியில் மூன்று பட்டை, தோளில் காவித் துண்டு, கொழிஞ்சாம்பாறை சந்தைக்குப் போனாலும் அதுதான். மாட்டு விலை பேசப் போனவர் மாயையைப் பற்றிப் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவார். என்னையும் விடவில்லை. வடகரப்பதியிலிருந்து ஒருத்தி காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தையைத் தூக்கி வந்து, நீங்க ஞானியைச் சுமந்த வயிறு என்று என் காலடியில் போட்டாள். என் வீட்டுக்குள் ஒரு பெண்பிள்ளை புருஷன் இருந்தும் இல்லாமல் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறாள், இவர்கள் என் வயிற்றுக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள். குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

ஐப்பசியில் பூவாத்தாளின் அண்ணன் குப்பண்ணன் வீட்டில் பெண்ணுக்குச் சீர் வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பெண்களுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தவளுக்குப் பூவாத்தாளிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. கொடுக்கலாமா கூடாதா என்று அவளுக்கும் தெரியவில்லை. சாமியார் பெண்டாட்டி சுமங்கலியா இல்லையா என்று யாரைக் கேட்பாள், அப்படியே தாண்டி அடுத்தவளுக்குப் போய்விட்டாள். சொந்த அண்ணன் வீட்டில், அத்தனை பேர் நடுவில். பூவாத்தாள் விரித்த கையை மடியில் மடக்கி வைத்துக்கொண்டு பெண்ணுக்குச் சீர் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை நீ பார்த்திருக்க வேண்டும். எந்த மாயையில் அது சேரும் என்று எனக்கு எழுது.

இப்படி இருக்கும்போதுதான் தை மாதம் உங்கள் ஆசிரமத்துச் சாமி ஒருவர் பாலக்காட்டில் ஒரு வாரம் உபநிடதங்களைப் பற்றிப் பேச வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நல்ல தமிழ். உங்கய்யன் அங்கே போய், உங்களோடு இருப்பவரைப் பெற்ற வீடு இது என்று சொல்லி, பிக்ஷைக்கு வர வேண்டும் என்று அழைத்துவிட்டு வந்தார். ஊரே கூடிவிட்டது. வாசலில் மாவிலை என்ன, பந்தல் என்ன, கல்யாணத்துக்குக் கூட அப்படிச் செய்யவில்லை. அந்தச் சாமி பேசியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காட்டில் உட்கார்ந்து என்றைக்கோ சொல்லி வைத்ததை, நேற்று நம் களத்துமேட்டில் நடந்ததைப் போலச் சொன்னார். எல்லா உயிரிலும் இருப்பது ஒன்றேதான், அதை அறிந்தவன் எந்த உயிரையும் அந்நியமாகப் பார்க்க மாட்டான், தன்னைப் பிறரிலும் பிறரைத் தன்னிலும் காண்பான் என்று சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைத்தானே என் மகன் தேடிப் போனான், சரி போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அப்புறம் இலை போட்டோம். பூவாத்தாள் பரிமாறினாள். குழந்தை ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு சாமியை எட்டிப் பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டே இது யார் குழந்தை என்று கேட்டார். உங்கய்யன் பெருமையாக, எல்லாம் உங்க ஆசிரமத்துக் குழந்தைதான் சாமி, சின்னையனோட மக, பரிமாறுறது அவன் சம்சாரம் என்றார். சாமியின் கை இலையிலேயே நின்றுவிட்டது. பூவாத்தாளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"அவர் தமக்குக் கல்யாணமே ஆகலைன்னு சொன்னாரே. தனிக்கட்டைன்னு சொன்னதாலதான் எங்க ஆசிரமத்துப் பெரியவர் சேர்த்துக்கிட்டார்" என்றார்.

துறவு வாங்குவதற்கு முன்னால் கட்டிய தாரம் மனசாரச் சம்மதிக்க வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கமாம், தாரம் உள்ளவனை அவள் சம்மதம் இல்லாமல் சேர்ப்பதில்லையாம். அதைத் தெரிந்துகொண்டுதான் நீ அவளை இல்லாமலே செய்திருக்கிறாய். பூவாத்தாள் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள் அழுவாள், உள்ளே ஓடிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங் சாமி, எல்லா உசுருலயும் இருக்கறது ஒண்ணேதான்னு இப்பத்தானுங்க சொன்னீங்க. இந்தப் புள்ளையும் அதுல சேர்த்திங்களா, இல்லீங்களா?"

அந்த மனுஷர் நல்லவர். சேர்த்திதான் அம்மா என்றார். இலையை விட்டு எழுந்து கை கழுவிவிட்டு வந்து, அத்தனை பேர் முன்னால் அவளைப் பார்த்துக் கை கூப்பினார். இனி இந்த வீட்டில் சாப்பிட எனக்கு மனசு வராது, போய்ப் பெரியவரிடம் சொல்லி அவரை ஊருக்கு அனுப்பி வைக்கிறோம் என்றார். அதற்கும் பூவாத்தாள் ஒப்பவில்லை. "புடிச்சுக் கொண்டாந்து உட்டா எனக்கு வேண்டாமுங்க. அவரா வாயத் தொறந்து சொல்லட்டும்" என்றுவிட்டு இலைகளை எடுக்கப் போய்விட்டாள். நானும் அவரைக் கேட்டுக்கொண்டேன், நீங்கள் வடக்கே திரும்பப் பங்குனி ஆகும் என்கிறீர்கள், அதற்குள் நான் எழுதுகிறேன், அவனே பெரியவரிடம் சொல்லட்டும் என்று. அவரும் ஒப்புக்கொண்டார். அதனால் உனக்கு இருப்பது இந்தக் கொஞ்ச நாள்தான்.

சின்னையா, நீ போனதில் எனக்கு வருத்தம்தான் இருந்தது. பொய் சொன்னாய் என்று கேட்டதிலிருந்து வருத்தம் போய் அருவருப்பு வந்துவிட்டது. பெற்ற பிள்ளையை நினைத்தால் இப்படி வரலாமா என்று மனதைத் திட்டிப் பார்க்கிறேன், அடங்க மாட்டேன் என்கிறது. சோற்றில் புழு கிடந்ததைப் பார்த்துவிட்டால் அப்புறம் அந்தப் பாத்திரத்தையே பார்க்கப் பிடிக்காதே, அப்படி இருக்கிறது. நீ விட்டுப்போன உபநிடதம், கீதைப் புத்தகங்களைக் கூட என்னால் தொட முடியவில்லை, சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மத்தியானம் வேலை ஒழிந்ததும் ஒரு பக்கமாவது படிக்காமல் நான் இருந்ததில்லை, உனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தையே கெடுத்துவிட்டாய். பூவாத்தாள்தான் ஒருநாள் ஏணி போட்டு ஏறி மூட்டையை இறக்கினாள். அவர் பொய் சொன்னா புஸ்தகம் என்ன பண்ணும் அத்தை என்று தூசி தட்டி வைத்தாள். இப்போது மத்தியானத்தில் அவள் படிக்கிறாள், நான் கேட்கிறேன்.

கேட்கக் கேட்க உன்மேல் கோபம்தான் ஏறுகிறது. குருவிடம் படித்து முடித்து வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு அந்தக் காலத்துப் பெரியவர்கள் எடுத்த எடுப்பிலேயே சொல்லி அனுப்பியது உண்மை பேசு என்பதுதான். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். நீ அந்த முதல் படியையே உடைத்துவிட்டு மச்சுக்கு ஏறிவிட்டதாக நினைக்கிறாய். காட்டுக்குப் புறப்பட்ட ரிஷி கூடப் பெண்டாட்டியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இன்னது செய்யப் போகிறேன் என்று சொல்லி, அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். சண்டைக்களத்தில் கை நடுங்கி வில்லைப் போட்டுவிட்டு, பிச்சை எடுத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று சொன்னவனை, ஆகட்டும் போ என்று கடவுள் அனுப்பி வைத்தாரா? எழுந்து உன் வேலையைப் பார் என்றுதானே சொன்னார். இதையெல்லாம் நீயும் படித்தவன்தான். உனக்கு வேண்டிய வரியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டாய், கடலை பொறுக்குகிற மாதிரி. பற்றை விடு என்றால் பலனில் ஆசையை விடு என்று அர்த்தம், பெற்ற பிள்ளையை விட்டுவிடு என்று அர்த்தமில்லை. இந்தப் புத்தகங்கள் பழசாகிவிட்டன, இந்தக் காலத்துக்கு ஆகாது என்று படித்த பையன்கள் பேசுகிறார்கள். எனக்கென்னவோ நம் வீட்டில் போன மாதம் நடந்ததற்காகவே அவற்றைச் சொல்லி வைத்த மாதிரி இருக்கிறது.

சாமி போன பிறகு உங்கய்யன் காவித் துண்டைக் கழற்றித் தொட்டியில் போட்டவர் அப்புறம் எடுக்கவில்லை. சந்தைக்குப் போனால் யாராவது உன்னைப் பற்றிக் கேட்கிறார்கள், அவர் மாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருகிறார். போன வாரம் பூவாத்தாளைக் கூட்டிக்கொண்டு சித்தூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய், உன் பங்குக்கு என்று வைத்திருந்த கிணற்றடிக் காட்டை அவள் பேரில் ஆதாரப் பத்திரம் எழுதிப் பதிந்துவிட்டு வந்தார். அவள் வேண்டாம் மாமா என்றுதான் சொன்னாள், அவர் கேட்கவில்லை. இது நாங்கள் செய்தது, இதில் உன்னைக் கேட்க ஒன்றுமில்லை. நேற்று முன்தினம் ஊருக்குள் ஒரு கல்யாணம். பூவாத்தாள் வரமாட்டேன் என்றாள். நான் விடவில்லை, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். சிமிழ் வரிசையில் வரும் வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. எழுந்து போய் அதை வாங்கி, எல்லோரும் பார்க்க அவள் நெற்றியில் என் கையால் வைத்தேன். எங்கள் வீட்டு மருமகள் நிறைந்தவள்தான், சந்தேகம் இருக்கிறவர்கள் என்னை வந்து கேளுங்கள் என்றேன். கல்யாணப் பெண்ணின் தாயார் வந்து அவள் தலையில் பூவை வைத்துவிட்டுப் போனாள்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே உங்கள் பெரியவர் முன்னால் போய் நில். எனக்குத் தாரம் இருக்கிறாள், மகள் இருக்கிறாள், மறைத்துவிட்டேன் என்று வாயைத் திறந்து சொல். அதற்குப் பிறகும் அவர் இரு என்றால், ஒருதரம் ஊருக்கு வந்து பூவாத்தாளிடம் கேட்டுவிட்டுப் போ. அவள் போ என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவர் போ என்றால் ஒளிந்து மறைந்து திரியாமல் நேராக வீட்டுக்கு வா. ஆனால் பூவாத்தாள் உள்ளே கூப்பிடும் வரைக்கும் களத்தில் ஓலை வேய்ந்த சாளையில் படுத்துக்கொள், உங்கய்யனும் அதைத்தான் சொல்லச் சொன்னார். அவள் கூப்பிடுவாளா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன்.

உனக்குச் சின்ன வயசிலிருந்தே இளைப்பு. விடியற்காலம் ஆற்றில் முங்குகிறாய் என்று அந்தச் சாமி சொன்னார். பச்சைத் தண்ணீர் ஆகாது, வெந்நீர் கேட்டால் கொடுக்க மாட்டார்களா, கேள். கம்பளி பனியனை யாருக்காவது தானம் கொடுத்திருந்தால் எழுது, பார்சல் அனுப்புகிறேன். அருவருப்பு ஒரு பக்கம் இருந்தாலும் குளிர் என்று கேட்டால் மனசு அடித்துக்கொள்கிறது, அதற்கு நான் என்ன செய்ய.

மோட்சம் கிடைக்கட்டும் என்று இப்போது உனக்கு ஆசீர்வாதம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொல்லும் தைரியம் உனக்கு வரட்டும், மாரியம்மன் துணை இருக்கட்டும், நோய்நொடி இல்லாமல் இரு. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். வருகிற ஜூனில் கமலாத்தாளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம். அப்பன் பெயர் என்ன என்று கேட்பார்கள். நாங்கள் இங்கே உள்ளதைத்தான் சொல்லப் போகிறோம். நீயும் அங்கே அதையே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
செல்லாத்தாள்